குட்டை டிராகன்

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இன்னொருவர் பெயர் பொறித்த முத்திரை ஒன்று ஆறு மாதம் கிடந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. ஆனால் என் கத்தரிக்கோலும் அதே இழுப்பறையில்தான் இருந்தது. காகிதம் வெட்ட வேண்டியிருந்தால்கூட அதைத் திறக்காமல், சமையலறையிலிருந்து மீன் நறுக்கும் கத்தரியை எடுத்துவந்து வெட்டினேன். காகிதமெல்லாம் கானாங்கெளுத்தி வாசம்.

என் பெயர் குராமொச்சி. வயது அறுபத்தெட்டு. நகராட்சிக் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்தேழு வருஷம் குப்பை கொட்டியவன். ஓய்வுபெற்ற நாளில், "என் கையால் ஒரு பொய் முத்திரை விழுந்ததில்லை" என்று மேடையில் நெஞ்சை நிமிர்த்திப் பேசியவன். அந்தப் பேச்சை இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

போன வருஷம் இரண்டு பொறுப்புகள் சேர்ந்தாற்போல் என் தலையில் விழுந்தன. ஒன்று, எங்கள் சந்தின் தலைவர் பதவி. பதவி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பதினேழு வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒருவராக முறை வைத்து வருவது. குப்பை போடும் நாளைக் கவனிக்க வேண்டும், சாக்கடை சுத்தம் செய்ய ஆள் கூட்ட வேண்டும், சுற்றுப் பலகையை அனுப்ப வேண்டும். பலகையில் அறிவிப்புத் தாள்களைச் செருகி, மேலே பதினேழு கட்டம் போட்ட தாளை வைத்து முதல் வீட்டு வாசலில் மாட்டிவிட்டால் போதும். அவர்கள் படித்துவிட்டுத் கையெழுத்துக்குப் பதில் தங்கள் கட்டத்தில் பெயர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் மாட்டுவார்கள். கடைசியில் அது தலைவரிடம் திரும்பி வரும். பதினேழாவது கட்டம் அவருடையது.

இரண்டாவது பொறுப்பு, நான் படித்த பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு உள்ளூர்ச் செயலாளர். பல்கலைக்கழகம் எங்கள் சந்துக்கு நேர் மேலேதான், மலைமுதுகில் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் பட்டம் வாங்கி நாற்பத்தைந்து வருஷம் ஆனதைக் கொண்டாட எங்கள் செட் ஆட்களுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று துடிப்பு. அந்தக் காலமாக இருந்தால் ஒரு கடிகாரத்தை நட்டுவிட்டுப் போயிருப்போம். இப்போது பல்கலைக்கழகம் கேட்பதே வேறு. "மண்ணுக்கும் இடம், எல்லா மனிதருக்கும் இடம்" என்று வாசலில் பெரிய பலகையே வைத்திருக்கிறார்கள்.

ஊர் உறவு அலுவலகத்திலிருந்து நிஷிகோரி என்ற பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு தடவை குனிந்து நிமிர்வாள்.

"குராமொச்சி-சான், பின்வாசல் தார் ரோடு இருக்குல்ல, அதைப் பேத்து எடுத்துட்டு வனப்பாதை போடலாம்னு இருக்கோம். மழைத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கும். ஓக் மரம், காமெலியா, நடுநடுவுல மரக்கட்டைப் படி. உங்க செட்டோட பரிசா!"

"பிரமாதம்!" என்றேன். பாதைத் தொடக்கத்தில் கல்லில் எங்கள் செட்டின் பெயர் வெட்டப்படுவது அப்போதே என் கண்ணில் தெரிந்தது.

"ஆனா கீழ இருக்கிறவங்க சம்மதம் முக்கியம். பலகையில அனுப்புறீங்களா? மறுப்பு இருந்தா எழுதட்டும். பதினேழு வீட்டு முத்திரையும் வேணும். ஒருத்தரையும் விட்டுடக்கூடாது."

"அதை எங்கிட்ட விடுங்க" என்றேன். அவளும் நம்பி விட்டாள்.

அந்த ரோட்டில் முன்பு சரக்கு லாரிகள் போகும். கிழக்கே புது வாசல் திறந்ததும் அதுவும் நின்றுபோனது. பிறகு அதை உபயோகித்தது ஒரே ஒருவர்தான், பதினொன்றாம் வீட்டு அம்மா, தகிசவா ஃபுமியே.

தகிசவா-சானுக்கு ஐம்பத்தொன்பது வயது. வரைபடம் அச்சிடும் நிறுவனத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். முதுகுத்தண்டு நோய் வந்து எட்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. தனியாக இருக்கிறார். அவர் வீட்டு வாசல் அந்தத் தார் ரோட்டில் படி ஏதும் இல்லாமல் போய்ச் சேரும். அங்கிருந்து பன்னிரண்டு நிமிடத்தில் மாணவர் உணவகம். ஊர்க்காரர்களும் வந்து சாப்பிடலாம் என்று பல்கலைக்கழகம் அட்டை கொடுத்தது. நாங்களெல்லாம் அதை வாங்கிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்தோம். அவர் ஒருவர்தான் தினமும் போனார். ஜன்னலோர மேசை, குழம்பு ஊற்றிய உடோன் நூடுல்ஸ். புதன்கிழமைகளில் நிலவியல் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பார். அந்தப் பிள்ளைகள் கட்டுரையை நீட்டி, "ஒரு தடவை பாத்துக் குடுங்க தகிசவா-சான்" என்று கெஞ்சுவார்கள். சிவப்புப் பேனாவால் கிழிகிழியென்று கிழித்துக் கொடுப்பார்.

அந்த ரோடு இல்லையென்றால் அவர் சந்து வழியே கீழே இறங்கி, பேருந்து பிடித்து, ஒன்று மாறி, மலையைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்குப் போக வேண்டும். ஐம்பது நிமிடம். அதுவும் சாய்பலகை வைத்த பேருந்து வந்தால்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவரோடு எனக்குப் பெரிய பகையொன்றும் இல்லை. எரிச்சல் உண்டு. மற்ற வீடுகளில் பலகை அரைநாள்தான் தங்கும். அவர் வீட்டில் மூன்று நாள். ஒரு எழுத்து விடாமல் படிப்பார். என் அறிவிப்புகளில் பிழை கண்டுபிடித்து ஓரத்தில் எழுதுவார். ஒரு முறை சாக்கடைச் சுத்தப் பட்டியலில் அவர் பெயரைச் சுருக்க எழுத்தில் எழுதிவிட்டேன். வாசலில் பிடித்து நிறுத்திவிட்டார்.

"குராமொச்சி-சான், என் டிராகனுக்கு என்ன ஆச்சு? நீங்க சோறு போடலையா?"

தகிசவா என்ற பெயரின் முதல் பட எழுத்துக்கு 'அருவி' என்று பொருள். பழைய முறையில் எழுதினால் தண்ணீருக்குப் பக்கத்தில் ஒரு முழு டிராகன் நிற்கும். இப்போது எல்லாரும் எழுதும் சுருக்க எழுத்தில் அது குட்டை டிராகன்.

"மன்னிச்சுக்கங்க. புது எழுத்துல எழுதிட்டேன். எல்லாம் ஒண்ணுதானே?"

"எப்படி ஒண்ணாகும்? பழசுல பத்தொம்போது கோடு, புதுசுல பதிமூணு. ஆறு கோட்டைக் காணோம். உங்க பேருல ஆறு கோட்டை நான் முழுங்கிட்டா சும்மா இருப்பீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து என் மனைவி சனாயேயிடம், "அந்தம்மாவுக்கு வேற வேலை இல்ல" என்று பொருமினேன். சனாயே, "உங்களுக்கு மட்டும் என்ன வெட்டி முறிக்கிற வேலை?" என்றாள்.

ஜூன் மாதம், மழைக்காலம். சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கூட்டம். வியாழன் மாலை பலகை பத்தாம் வீட்டு முக்காய் கையில் இருந்தது. அடுத்த வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"குடுங்க, நானே கொண்டுபோறேன். மழையில நீங்க எதுக்கு?" என்று வாங்கிக்கொண்டேன்.

தகிசவா-சான் வீட்டுக்குத் திரும்பும் முக்கில் குடையோடு நின்றேன். ஜன்னலில் விளக்கு எரிந்தது. முப்பது அடிகூட இருக்காது. நின்றேன், நின்றேன், திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலை பன்னிரண்டு முதல் பதினாறு வரை நானே வீடு வீடாகப் போய், "அவசரம், ஒரு குத்து குத்திக் குடுங்க" என்று வாசலில் நின்றே வாங்கினேன். பதினொன்றாம் கட்டம் மட்டும் விழுந்த பல் மாதிரி காலியாக இருந்தது. அப்படியே ரயிலடி எழுதுபொருள் கடைக்குப் போனேன். பெயர் முத்திரைகளை அகர வரிசையில் அடுக்கிய சுழல்தட்டு ஒன்று அங்கே உண்டு. சுற்றினேன். தகிசவா இருந்தது. எந்த டிராகன் என்று பார்த்தேனா? சத்தியமாகப் பார்க்கவில்லை. கடைக்குள் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து குத்தினேன். என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் இன்று கொஞ்சமாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டத்தில் எல்லாரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது ஒசாகாவிலிருந்து வந்திருந்த ஹென்மி எழுந்தாள். எங்கள் செட்தான், குழந்தை மருத்துவர்.

"ஒரு சந்தேகம். அந்த ரோட்டை யாரும் உபயோகிக்கலையா? வயசானவங்க, சக்கர நாற்காலி, தள்ளுவண்டி?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

"லாரிங்க போய்க்கிட்டிருந்துச்சு" என்றேன். "இப்ப அதுவும் இல்ல. இந்தாங்க, பதினேழு வீடும் குத்தியிருக்கு."

லாரியைப் பற்றிச் சொன்ன இரண்டு வாக்கியமும் உண்மை. நடுவில் ஓர் ஆளை வைத்து மூடிவிட்டேன். நிஷிகோரி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

செப்டம்பரில் இயந்திரம் வந்து ரோட்டைப் பெயர்க்க ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கடைக்குப் போய்விட்டு வரும்போது தகிசவா-சான் முக்கில் இருந்தார். மடியில் உணவக அட்டை. தார்க் கட்டிகள் குவிந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குராமொச்சி-சான், இது என்ன?"

"வனப்பாதை... பலகையில வந்துச்சே. ஜூன் மாசம்."

"எனக்கு வரலையே."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். இயந்திரம் பாதிகூடத் தோண்டியிருக்கவில்லை. ஒரே வாக்கியம் போதும். வாய் திறந்தது, வந்தது வேறு.

"உங்க கட்டத்துல முத்திரை இருக்கு."

அவர் முகம் வெளிறிப்போனது. கோபப்படுவார், கத்துவார் என்று பதில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. குரல் இறங்கிவிட்டது.

"நான் குத்தினேனா? படிக்காமயா?"

முள்ளங்கிப் பையைக் கை மாற்றிப் பிடித்தேன்.

"ஜூன்ல புது வலி மாத்திரை ஆரம்பிச்சாங்க. கொஞ்சம் மயக்கமாத்தான் இருந்துச்சு." கைவிரல்களைப் பார்த்துக்கொண்டார். "முப்பது வருஷம் பிழை திருத்தினவ. எங்கம்மாவுக்கு அறுபதுல ஆரம்பிச்சுது மறதி. எனக்கும் வந்துடுச்சோ?"

"சேச்சே, அதெல்லாம் இருக்காது" என்றேன். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள் எனக்கு!

"இல்ல, காட்டிடறது நல்லது. பெரியாஸ்பத்திரியில மறதிப் பிரிவு இருக்குல்ல? பேரு குடுத்து வைக்கிறேன். ரொம்ப நன்றி, தெளிவா சொன்னதுக்கு."

எனக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். நான் வாங்கிவந்த முள்ளங்கிப் பையை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சனாயே கேட்டபோதுதான் தெரிந்தது.

அன்றைக்கே போய் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நாளை, நாளை என்று தள்ளினேன். மதியம் பன்னிரண்டு அடித்தால் அவர் வீட்டுப் பக்கம் காது போகும். சக்கரச் சத்தம் கேட்காது. வாரத்தில் மூன்று நாள் உணவுப் பெட்டி கொண்டுவரும் வண்டி அவர் வாசலில் நிற்க ஆரம்பித்தது. புதன்கிழமை மட்டும் ஒரு மாணவி கட்டுரைக் காகிதக் கட்டோடு கீழே இறங்கி வருவாள், பிறகு அவளும் வருவதை விட்டுவிட்டாள். நான் மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டேன்.

நவம்பர் கடைசியில் திறப்பு விழா. இலையெல்லாம் சிவந்திருந்தது. பாதை அழகாகத்தான் இருந்தது, அதுவே எனக்கு எரிந்தது. கல்லில் எங்கள் செட்டின் பெயர். பக்கத்தில் ஆளுயரத்துக்கு ஒரு படம். அதைப் பார்த்ததும் என் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் சுற்றுப் பலகைத் தாள்! பதினேழு முத்திரையும் தட்டு அளவுக்குப் பெரிதாக்கப்பட்டு, கீழே, "ஊரோடு சேர்ந்து நடந்தோம், ஒருவரையும் விடாமல்."

"எப்படி இருக்கு?" நிஷிகோரிக்கு மூச்சு வாங்கியது. "இதை ஒரு விருதுக்கு அனுப்பியிருக்கோம். முன்னாள் மாணவர், ஊர்க்காரங்க, பசுமை, எல்லாம் ஒண்ணா வந்திருக்குன்னு ரொம்பப் பாராட்டினாங்க. இதே படத்தைப் போட்டுத் துண்டுப் பிரசுரமும் அடிச்சாச்சு. பலகையில வச்சு அனுப்புங்க, எல்லாரும் பாக்கட்டும்!"

நான் பதினொன்றாம் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிதாக்கியதும் முழுசாகத் தெரிந்தது. குட்டை டிராகன்.

பிரசுரத்தை ஒளித்துவைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் முக்காயும் விழாவுக்கு வந்திருந்தார், "எங்க முத்திரை படத்துல வந்திருக்கே, எப்ப வரும் பிரசுரம்?" என்று நச்சரித்தார். மாட்டி அனுப்பினேன். பலகை கிளம்பிப் போனது. ஆறாம் நாள் திரும்பி வந்தது. சனாயேதான் வாசலிலிருந்து எடுத்துவந்தாள். மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

பிரசுரத்தில் பதினொன்றாம் முத்திரையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். ஓரத்தில் அச்சடித்ததுபோல் கையெழுத்து:

"பிழை. என் டிராகன் இவ்வளவு குட்டை இல்லை. இது என் முத்திரை அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவதை ரத்து செய்துவிட்டேன். – தகிசவா."

அதற்குக் கீழே வேறொன்றும் இல்லை. மேலே இருந்த தாளில் பன்னிரண்டு முதல் பதினாறு வரை ஐந்து வீடும் ஒழுங்காக முத்திரை குத்தியிருந்தது. ஐந்து வீடும் அதைப் படித்திருக்கிறது. படித்தேன் என்று குத்திவிட்டு அடுத்த வாசலில் மாட்டியிருக்கிறது.

சனாயே எழுந்து போய் இரண்டாவது இழுப்பறையைத் திறந்தாள். முத்திரையை என் முன்னால் வைத்தாள்.

"ஏங்க, நம்ம பேரு எப்பலேருந்து தகிசவா ஆச்சு?"

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நீங்க மீன் கத்தரியில காகிதம் வெட்ட ஆரம்பிச்சப்பவே தெரியும், இழுப்பறையில என்னமோ இருக்குன்னு. இன்னிக்குத்தான் என்னன்னு புரிஞ்சுது. எந்திரிங்க. போய்ட்டு வாங்க. சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க."

மன்னிப்புக் கேட்கப் போகும்போது வெறுங்கையோடு போவதில்லை. சிவப்புப் பயறு இனிப்புப் பெட்டி ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். தகிசவா-சான் கதவைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார்.

"இனிப்பை வெளியிலேயே வைங்க."

வைத்தேன். உள்ளே போய்த் தரையில் மண்டியிட்டுத் தலை பாயில் படக் குனிந்தேன். முத்திரையை எடுத்து முன்னால் வைத்தேன்.

"நான்தான் குத்தினேன்."

"தெரியும். பலகை உங்க கையிலதான் வந்துச்சுன்னு முக்காய்-சான் சொன்னாரு. ஏன்?"

"மழை... எனக்கு முட்டி வலி..."

"பிழை. திருத்துங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் என் மேலேயே இருந்தது.

"சனிக்கிழமை கூட்டம். நீங்க மூணு நாள் வச்சுப்பீங்க. நேரம் இல்ல..."

"அதுவும் பிழை."

கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

"நீங்க வேண்டாம்னு எழுதுவீங்கன்னு தெரியும்" என்றேன். "எழுதினா, நீங்க சொல்றதுதான் சரின்னு எல்லாருக்கும் புரிஞ்சுடும். அப்புறம் பாதை கிடையாது. கல்லு கிடையாது. அதனாலதான்."

"ம். இது சரி."

அடுத்துப் பேசியபோது அவர் குரல் உடைந்தது.

"ரோடு போனதைக்கூட விடுங்க குராமொச்சி-சான். என்னை எம் மூளை மேலயே சந்தேகப்பட வச்சீங்களே! தினமும் காலையில நாட்டோட நாப்பத்தேழு மாகாணத்தையும் வரிசையா எழுதிப் பாத்தேன். வரைபடத்துல வாழ்ந்தவ நான். ஒரு நாள் நாப்பத்தாறுதான் வந்துச்சு. திரும்பத் திரும்ப எண்ணினேன், நாப்பத்தாறுதான். அன்னிக்குப் பூரா அழுதேன். நீங்க அன்னிக்கு என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

எனக்குத் தெரியவில்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். தலையை நிமிர்த்த முடியவில்லை. அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சுடுங்க."

"எங்கிட்ட சொல்லிட்டு நிம்மதியா போயிடலாம்னு பாக்காதீங்க. பலகையில எழுதுங்க. பதினேழு வீடும் படிக்கட்டும். அப்புறம் அதை மேல கொண்டுபோய்க் குடுங்க." முத்திரையைப் பாயிலிருந்து எடுக்கச் சொல்லிக் கை நீட்டினார். கொடுத்தேன். "இது எங்கிட்ட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முப்பத்தேழு வருஷம் அரசாங்கக் கடிதம் எழுதிய கை. "கடந்த ஜூன் மாதம் சுற்றுப் பலகை நடைமுறையில் ஒரு முறைகேடு நிகழ்ந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். தோளுக்கு மேலே சனாயே.

"நிகழ்ந்துச்சா? தானா வந்து நிகழ்ந்துச்சா, மழை மாதிரி?"

கிழித்துப் போட்டேன். "நான் ஒரு தவறு..." என்று தொடங்கினேன். "தவறுன்னா?" என்றாள். அதையும் கிழித்தேன். கடைசியில் இப்படி எழுதினேன்: தகிசவா-சானுக்கு நான் பலகையைக் காட்டவில்லை. அவர் மறுப்பார் என்று தெரிந்தே காட்டவில்லை. கடையில் முத்திரை வாங்கி அவர் கட்டத்தில் குத்தினேன். அந்த ரோட்டை ஒருவரும் உபயோகிக்கவில்லை என்று எல்லாரும் நம்பும்படி கூட்டத்தில் பேசினேன். அவர் கேட்டபோதும் பொய் சொன்னேன். மரக்கட்டைப் படிகளை எடுத்துவிட்டு, சக்கர நாற்காலி போகும்படி பாதையைச் சாய்தளமாக்கித் தரவேண்டும் என்று பல்கலைக்கழகத்தைக் கேட்கப்போகிறேன். சம்மதமானால் முத்திரை குத்துங்கள். – குராமொச்சி.

முதல் வீட்டு வாசலில் மாட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினேன். இந்த வயதில் சொந்தத் தெருவில் தலை குனிந்து ஓடுவேன் என்று நினைத்ததில்லை.

பலகை இரண்டே நாளில் திரும்பி வந்தது. அவ்வளவு வேகமாக அது வந்து நான் பார்த்ததில்லை. ஒன்று முதல் பத்துவரை முத்திரை இருந்தது. முக்காய் தன் கட்டத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில், "அந்த முக்கிலிருந்து நீங்கள் திரும்பிப் போனதை அன்றே ஜன்னலில் பார்த்தேன். கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது" என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு முதல் பதினாறு வரை இருந்தது. அதில் மூன்று வீட்டார், "போன தடவை படித்தும் பேசாமல் இருந்துவிட்டோம்" என்று எழுதியிருந்தார்கள். பதினொன்றில் முழு டிராகன், பத்தொன்பது கோட்டோடு, மை சொட்டச்சொட்டக் குத்தியிருந்தது.

பதினேழாவது கட்டத்தில் என் முத்திரையைக் குத்தலாம் என்று மைப்பெட்டி மூடியைத் திறந்தேன். கட்டம் காலியாக இல்லை.

சனாயேயிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "வேற தாள்ல மாத்திடலாம்னு நினைக்காதீங்க" என்றாள். நான் நினைக்கவில்லை. நான் நினைக்கவில்லை என்பதை அவள் நம்பியிருக்கமாட்டாள்.

வனப்பாதை வழியாகவே ஏறினேன். அறுபத்துநான்கு படி. ஒவ்வொரு படியிலும் முட்டி கத்தியது. கத்தட்டும் என்று ஏறினேன். எங்கள் செட்டின் பெயர் வெட்டிய கல்லைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நிஷிகோரி தாளை இரண்டு கையாலும் வாங்கினாள், முதல் தடவை வாங்கியதைப் போலவே. படிக்கப் படிக்கக் கை கீழே இறங்கியது. படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நானும் ஒரு தடவை கீழ இறங்கி வந்து பாத்திருக்கணும்" என்றாள். "பதினேழு முத்திரையைப் பாத்த சந்தோஷத்துல, பதினேழு பேரைப் பாக்கவே இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "விருதுக் குழுவுக்கு இன்னிக்கே எழுதிடறேன். படியை எடுக்கணும்னு நிர்வாகத்துக்கு நானே கடிதம் வைக்கிறேன். இந்தத் தாளைத்தான் கூட இணைக்கணும். எல்லா முத்திரையும் சரியா இருக்கான்னு இந்தத் தடவை நானே பாத்துடறேன்."

விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக, பெயரை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தாள். பதினொன்றில் சற்று நின்று, "இதுதான் அவங்களோடதா? எவ்வளவு பெரிய டிராகன்!" என்றாள். பதினேழில் விரல் நின்றுபோனது.

"குராமொச்சி-சான், இது தலைவர் கட்டமாச்சே. இங்கயும் தகிசவான்னு இருக்கு. சின்ன டிராகனா... யாரோ மாத்திக் குத்திட்டாங்க போல. உங்க முத்திரை எங்க?"

"மாத்திக் குத்தல" என்றேன். "அதுதான் என்னோடது."